பல்லிளிக்கும் கத்தி

உங்களிடம் இருக்கும் ஏதாவது ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வாருங்கள். வெட்டும் விளிம்பு மேலே பார்க்கும்படி பிடித்து, வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் எங்கேயாவது வெள்ளைக் கோடு மாதிரி மின்னுகிறதா? மின்னினால் அந்த இடம் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கூராக இருக்கும் விளிம்புக்கு அகலமே கிடையாது. அகலம் இல்லாத இடத்தில் வெளிச்சம் எப்படிப் பட்டுத் திரும்பும்? மின்னுகிறதென்றால், அங்கே ஒரு மொட்டைத் திட்டு உருவாகிவிட்டது. கத்தி தன் வாயாலேயே 'என்னைக் கொஞ்சம் கவனி' என்று சொல்கிறது. (வாய் என்று சும்மா சொல்லவில்லை. கத்தியின் வெட்டும் விளிம்புக்குத் தமிழில் வாய் என்றே பெயர் உண்டு!)

இப்போது இதே சோதனையை, ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்குமே, அந்தக் கத்தியில் செய்து பாருங்கள். ஒன்றும் புரியாது. வளைவும் நெளிவுமாக எல்லா இடமும் மின்னும். போன மாதம் வாங்கியதும் மின்னும், பத்து வருஷத்துக்கு முன் வாங்கியதும் மின்னும். மழுங்கிவிட்டதா, இல்லையா? மூச்சு விடாது. வாய் நிறையப் பல், ஆனால் ஊமை.

இந்த வாரம் என் வழக்கு இந்த ஊமைக் கத்தி மேல்தான்.

'போயும் போயும் ஒரு கத்தி விளிம்புக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று நினைக்கிறவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை எதையாவது வெட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கூரியரில் வந்த பார்சலின் டேப். பழைய பேப்பர்க்காரருக்குக் கட்டிப்போட்ட மூட்டையின் கயிறு. புதுச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டு. எலுமிச்சம்பழம். ரயில் பயணத்தில் ஆப்பிள். கொடிக்கயிறு. குழந்தையின் பென்சில். இதற்கெல்லாம் நம்மில் பாதிப் பேர் சாவியையும், மீதிப் பேர் பல்லையும் உபயோகிக்கிறோம். (சொந்தப் பல்லை!) பல் டாக்டர்கள் பிழைப்பது இப்படித்தான்.

நம் அப்பாக்கள் காலத்தில் பாக்கெட்டில் ஒரு பேனாக்கத்தி இருந்தது. இறகுப் பேனாவைச் சீவுவதற்காக வந்த கத்தி அது. இறகு போய், நிப்பு வந்து, அதுவும் போய், பால்பாயின்ட் வந்த பிறகும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. மடக்கினால் சுண்டு விரல் நீளம். ஒரே ஒரு அலகு. அதில் பல், கில் எதுவும் கிடையாது. அது மழுங்கினால் வாசல்படிக் கருங்கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள்.

இன்றைக்கு அதே மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்று போய்ப் பாருங்கள். மூன்று ரகம் காட்டுவார்கள். ஒன்று பல் இல்லாதது. இன்னொன்று முழுக்கப் பல் வைத்தது. மூன்றாவது பாதிக்குப் பாதி. 'எது சார் நல்லது?' என்று கேட்டால் விற்பனையாளரின் விரல் தானாகப் பல் பக்கம் போகும். 'இதுக்கு சாணையே பிடிக்க வேணாம் சார். லைஃப் லாங்!'

இந்த வாக்கியத்தைத்தான் நான் பிராது மனுவின் முதல் பக்கத்தில் வைக்கிறேன். 'சாணை பிடிக்க வேண்டாம்' என்றால் என்ன அர்த்தம்? மழுங்காது என்றா? மழுங்காத இரும்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த வாக்கியத்தின் சரியான அர்த்தம் இதுதான்: 'உங்களால் சாணை பிடிக்க முடியாது.'

முதலில் எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். பல் வைத்த கத்தி எப்படி வெட்டுகிறது? நம் கை கொடுக்கும் அழுத்தம் விளிம்பு முழுக்கப் பரவாமல் பல் முனைகளில் மட்டும் குவிகிறது. அதனால் வழுக்குகிற மேல்தோல் உடனே பிடிபடுகிறது. ஒரு தடவை பிடித்தபின் முன்னும் பின்னும் இழுத்தால் அறுக்கிறது. தக்காளித் தோல், ரொட்டியின் மொறுமொறு ஓரம், நைலான் கயிறு... இவற்றில் பல் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். வாதமே இல்லை.

இரண்டாவது சாமர்த்தியம்தான் சுவாரசியமானது. பலகையிலோ தட்டிலோ மோதுவது பல் முனைகள் மட்டும்தான். இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் பள்ளம் எதிலும் படாமல் பத்திரமாக இருக்கும். முனையெல்லாம் மழுங்கியபின்னும் பள்ளத்தில் இருக்கும் கூர் கொஞ்ச காலம் ஓட்டும். அதனால் கத்தி நன்றாக இருப்பது போல ஒரு தோற்றம். கம்பெனி திவாலாகிக்கொண்டிருக்கும்போது பழைய லாபத்தை எடுத்து டிவிடெண்ட் கொடுப்பார்களே, அந்த மாதிரி! பி.காம். படித்தவனுக்கு இது உடனே புரிகிறது. பங்குதாரர்களுக்குத்தான் கடைசியில் புரியும்.

இந்தச் சாமர்த்தியத்தை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய வியாபாரமே நடந்தது. 1978-ல் அங்கே டி.வி.யில் 'ஜின்சு' என்ற கத்தியின் விளம்பரம் வந்தது. கேட்டால் ஜப்பானியப் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் கத்தி தயாரானது ஒஹையோ மாநிலத்தில். பெயர் ஒரு விளம்பர எழுத்தாளரின் கற்பனை! விளம்பரத்தில் கத்தியால் தகர டப்பாவை அறுப்பார்கள். உடனே அதே கத்தியால் ஒரு தக்காளியை மெல்லிசாக வெட்டிக் காட்டுவார்கள். 'பொறுங்கள், இன்னும் இருக்கிறது!' என்று மேலும் மேலும் இலவசங்களை அடுக்குவார்கள். ஜனங்கள் போனை எடுத்தார்கள்.

தகரத்தை அறுத்த கத்தி எப்படித் தக்காளியையும் வெட்டியது? மந்திரமில்லை. தகரத்தில் அடிபட்டது பல் முனை. தக்காளியை வெட்டியது பள்ளம். அவ்வளவுதான் ரகசியம். நம் ஊர்ப் பொருட்காட்சி ஸ்டால்களில் ஆணியை அறுத்துக் காட்டிவிட்டு வெள்ளரிக்காய் வெட்டுகிறவரின் கையிலும் இதே வித்தைதான். ஜின்சுவைத் தயாரித்த கம்பெனியின் தாய்க் கம்பெனியான ஸ்காட் ஃபெட்ஸரை 1986-ல் வாங்கியவர் யார் தெரியுமா? வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே! லாபம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

பாக்கெட் கத்தியிலும் பல் ஃபேஷனானது கிட்டத்தட்ட அந்தக் காலகட்டத்தில்தான். 1980-களில் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ போன்ற கம்பெனிகள் ஒரு கையால் திறக்கிற, பாக்கெட்டில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்கிற மடக்குக் கத்திகளைக் கொண்டுவந்தன. பல் வைத்த விளிம்பையும் பிரபலமாக்கின. சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் ஸ்டாலோன் வைத்திருந்த கத்தியின் முதுகில் ரம்பப் பல். உலகம் முழுக்க இளைஞர்கள் மயங்கினார்கள். பல் என்றால் வீரம்! ஆப்பிள் நறுக்க வீரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சரி, கம்பெனிகளை விடுங்கள். கத்தியை வைத்துப் பிழைக்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். அதுதான் என் தரப்பின் முக்கியமான சாட்சி.

காசிமேட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறவர் கையில் இருப்பதில் பல் இருக்கிறதா? தெருமுனை இளநீர்க்காரர் அரிவாளில்? சலூனில் உங்கள் கழுத்தில் வைக்கிறாரே, அந்தச் சவரக்கத்தியில்? (இருந்தால் உட்காருவீர்களா?) ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கையில்? தச்சரின் உளியில்? செருப்புத் தைக்கிறவர் தோலைச் சீவும் கத்தியில்? எங்கேயும் கிடையாது. இவர்களில் பெரும்பாலானவர்கள் பக்கத்திலேயே ஒரு கல்லும் இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் நாலு இழுப்பு இழுத்துக்கொள்வார்கள். வேலையின் ஒரு பாகமாகத்தான் கூர் தீட்டுவதையும் வைத்திருக்கிறார்கள்.

இதில் உச்சம் என்று எனக்குத் தோன்றுவது பனையேறிகள்தான். பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் இயற்கையே பல் வைத்து அனுப்பியிருக்கிறது. அதற்குக் கருக்கு என்று பெயர். கையை வைத்தால் கிழித்துவிடும். அந்த மரத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர் இடுப்பில் இருக்கும் பாளை அரிவாளில் கருக்கு கிடையாது. ஏன்? பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் பதநீர் தொடர்ந்து சொட்டும். பிய்த்துக் குதறினால் சொட்டாது. அதனால் மரக்கட்டையில் கல் பொடியைத் தூவி, அரிவாளைத் தீட்டித் தீட்டி வைத்துக்கொள்வார்கள். கருக்கு என்றால் என்னவென்று உலகத்திலேயே அதிகம் தெரிந்த மனிதர், தன் ஆயுதத்தில் அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

'நிறுத்துங்க சார். நெல் அறுக்கிற அரிவாள்?' என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நியாயம். நம் ஊரில் கருக்கரிவாள், பன்னரிவாள் என்று பல் வைத்த அரிவாள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஒரு பிடி தாளை இடது கையால் சேர்த்துப் பிடித்து, வலது கையால் தன் பக்கம் இழுத்தால் பல் தாளைக் கவ்விக்கொண்டு அறுக்கும். நெல் தாளில் மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது. மொட்டை விளிம்பைச் சீக்கிரம் தேய்த்துவிடும். ஆகவே அங்கே பல் சரிதான்.

ஆனால் அந்தப் பல் தேய்ந்தால் என்ன செய்தார்கள்? குப்பையில் போட்டார்களா? அறுவடைக்கு முன் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கொல்லர் அடித்து, தட்டி, மறுபடி பல் வெட்டிக் கொடுத்தார். பல்லுக்கும் ஒரு வைத்தியர் இருந்தார். இன்றைக்கு நீங்கள் வாங்கும் பல் வைத்த மடக்குக் கத்திக்கு அந்த வைத்தியர் யார்? விலாசம் சொல்லுங்கள்.

சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு வருகிறவரிடம் நீட்டிப் பாருங்கள். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சக்கரத்தில் வைத்தால் பல்லெல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிடும். அதைத் தீட்ட வேண்டுமென்றால் பென்சில் மாதிரி உருண்டையான மெல்லிய தீட்டுக்கோல் வேண்டும். ஒவ்வொரு பள்ளமாக, பள்ளத்தின் வளைவுக்கு ஏற்ற அளவில், தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். முப்பது பள்ளம் இருந்தால் முப்பது தடவை. இதை யார் செய்வார்? யாரும் செய்ய மாட்டார்கள் என்பது விற்கிறவருக்கும் தெரியும். அவர் கணக்கே அதை நம்பித்தான்.

எங்கள் காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு சொத்து வருஷா வருஷம் மதிப்பு குறைந்துகொண்டே வரும். பராமரிப்புச் செலவு செய்தால் ஆயுள் நீளும். செலவு செய்யவே முடியாத சொத்துக்குப் பெயர் சொத்து இல்லை. அது நுகர்பொருள், உப்பு, புளி மாதிரி. பல் இல்லாத கத்தி சொத்து. பல் வைத்த கத்தி, சொத்து மாதிரி வேஷம் போட்ட நுகர்பொருள். முன்னதை விற்கிற கடைக்காரர் உங்களை அடுத்த இருபது வருஷம் பார்க்க மாட்டார். பின்னதை விற்றவர் மூன்று வருஷத்தில் மறுபடி பார்ப்பார். விரல் ஏன் தானாகப் பல் பக்கம் போகிறது என்று இப்போது புரிகிறதா?

அடுத்து, வெட்டின் தரம். பெரும்பாலான பல் கத்திகளில் ஒரு பக்கம் மட்டும்தான் செதுக்கியிருப்பார்கள். மறுபக்கம் தட்டை. அதனால் நேராக வெட்ட நினைத்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆப்பிள் தோலைச் சுருள் சுருளாகச் சீவ முடியாது. பென்சில் சீவ முடியாது. பேப்பரைக் கிழிக்கும், வெட்டாது. கொத்தமல்லியை வெட்டினால் நசுக்கும். கொஞ்ச நேரத்தில் ஓரம் கறுக்கும். விரலில் பட்டால்? கூரான சாதாக் கத்தி கீறும். பல் கத்தி பிய்க்கும். எந்தக் காயம் சீக்கிரம் கூடும் என்று தையல் போடுகிற டாக்டரைக் கேளுங்கள்.

உடனே 'மழுங்கிய கத்திதானே பத்திரம்' என்று ஒரு வீட்டு வேதாந்தம் வரும். அபத்தம்! மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்ட வேண்டும். அழுத்தும்போது வழுக்கும். வழுக்கினால் அத்தனை அழுத்தமும் விரலுக்கு. கூரான கத்தி சொன்ன இடத்தில் இறங்கும், முரண்டு பிடிக்காது. வெங்காயத்துக்கும் இதே கதைதான். 2025-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெங்காயம் வெட்டுவதை அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்தார்கள். மழுங்கிய கத்தி வெங்காயத்தின் தோலை முதலில் அமுக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தோல் உடையும்போது சாறு வேகமாக, நிறையத் துளிகளாகச் சிதறுகிறது. கூரான கத்தியில், நிதானமாக வெட்டினால் சிதறல் குறைவு. ஆக, உங்கள் வீட்டில் சமைக்கிறவர் கண்ணீர் விடுவதற்கு டி.வி. சீரியல் மட்டும் காரணமில்லை. கத்தியைத் தீட்டாத நீங்களும்தான்!

எதிர்க்கட்சியின் பெரிய பீரங்கி ஒன்று பாக்கி இருக்கிறது. 'ஸ்விஸ் ராணுவமே பல்லுக்கு மாறிவிட்டதே!' உண்மைதான். 1891-லிருந்து கார்ல் எல்ஸனர் என்பவரின் பட்டறை (இன்றைய விக்டோரினாக்ஸ்) ஸ்விஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்து வருகிறது. நூறு வருஷத்துக்கு மேலாக ராணுவ வீரரின் கத்தியில் பெரிய அலகுக்குப் பல் இல்லை. 2008-ல் வந்த புது மாடலில் அலகின் ஒரு பகுதிக்கு நெளி நெளியாகப் பல் வைத்துவிட்டார்கள்.

நல்லது. ராணுவ வீரர் என்ன வெட்டுகிறார்? கயிறு, பெல்ட், வார், மூட்டை. கையுறை போட்டுக்கொண்டு, குளிரில், அவசரத்தில் வெட்டுகிறார். உட்கார்ந்து தீட்ட அவருக்கு நேரமில்லை. மழுங்கினால் மாற்றித்தர அரசாங்கம் இருக்கிறது. படகில் தடிமனான வடத்தை அறுக்கிற மீனவருக்கும், விபத்தில் சிக்கியவரின் சீட் பெல்ட்டை அறுக்கிற மீட்புப் படைக்காரருக்கும் இதே நியாயம் பொருந்தும். அவர்களுக்கு என் மாமூல் சலாம். உங்களுக்கும் எனக்கும் மாம்பலத்தில் பார்சல் பிரிக்க, எந்த மலையில், எந்தப் பனியில், எந்த அவசரம்? அந்த ஸ்விஸ் கத்தியில்கூட அலகு முழுக்கப் பல் வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கொஞ்சம் இடத்தைச் சாதா விளிம்பாகவே விட்டிருக்கிறார்கள். காரணம் இல்லாமலா?

'அப்போ பாதிக்குப் பாதி வாங்கிடலாமே?' இதுதான் நம் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்த தீர்வு. கூட்டணி அரசு! ஆனால் சின்ன மடக்குக் கத்தியின் அலகு மொத்தமே மூன்று அங்குலம்தான். அதில் பாதி என்றால் ஒன்றரை. அறுக்கவும் போதாது, சீவவும் போதாது. போதாக்குறைக்குப் பெரும்பாலான மாடல்களில் பல்லைப் பிடிக்கு அருகே வைத்துவிடுகிறார்கள். கையின் முழுப் பலமும் இறங்குகிற இடம் அது. பென்சில் சீவவும் குச்சி செதுக்கவும் அந்த இடம்தான் வேண்டும். வீட்டின் நல்ல அறையை வாடகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வது மாதிரி.

இரண்டும் வேண்டுமென்றால் எப்படி வைக்க வேண்டும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். அரிவாள்மனையைப் பாருங்கள். காய் நறுக்குகிற இடம் நல்ல வழவழப்பான சாதா விளிம்பு. அதன் தலையில் மட்டும் தேங்காய் துருவுகிற வட்டப் பல். இரண்டு வேலை, இரண்டு இடம். ஒன்றின் எல்லைக்குள் ஒன்று வராது. துருவுபல்லால் கத்திரிக்காய் நறுக்கிய பாட்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் அப்படியே வையுங்கள். ரொட்டிக்கும் தக்காளிக்கும் ஒரு பல் கத்தி சமையலறையில் இருக்கட்டும். அதை நான் பறிக்க வரவில்லை. பாக்கெட்டிலோ கைப்பையிலோ தினமும் கூடவே வருகிற கத்திக்கு மட்டும் பல் வேண்டாம்.

'அதெல்லாம் சரி, தீட்ட யாருக்கு நேரம்?' ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரத்தை வட்டியோடு எடுத்துக்கொள்ளுங்கள், போதும். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று இருக்கும் தீட்டுக்கல்லைக் கேளுங்கள். ஏறக்குறைய ஒரு சினிமா டிக்கெட் விலைதான். தண்ணீரில் நனைத்து, அடியில் ஈரத்துணி போட்டு வையுங்கள். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை மட்டும் அரைப் பென்சில் தடிமன் அளவுக்குத் தூக்குங்கள். பேனாக்கத்தி மாதிரி சின்ன அலகுக்கு இது சுமாராகச் சரியான கோணம். அந்தக் கோணம் மாறாமல், கல்லிலிருந்து மெல்லிய தோலைச் சீவுவது போல இழுங்கள். மறுபக்கத்தில் சின்னதாக ஒரு பிசிறு விரலில் தட்டுப்படும்வரை இழுத்துவிட்டு, கத்தியைத் திருப்பிப் போட்டு அதேபோல. பிறகு நைஸ் பக்கம். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக நாலு இழுப்பு. முடிந்தது.

கல்லே இல்லையா? பீங்கான் கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதுவே தீட்டுக்கல். கூர் வந்துவிட்டதா என்று பார்க்க, இந்தப் பத்திரிகையின் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து வெட்டிப் பாருங்கள். (படித்து முடித்த பிறகு!) சத்தமில்லாமல் இறங்கினால் பாஸ்.

போலீஸ் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் கடிதம் வரும். 2016 ஆயுத விதிகளின் லைசென்ஸ் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவற்றுக்கு அதில் விலக்கும் உண்டு. பேனாக்கத்தி அந்தப் பட்டியலில் வராது. ஆனால் ஊருக்கு ஊர் உள்ளூர் உத்தரவுகள் மாறலாம். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். பரீட்சை ஹாலுக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். இங்கேயும் பல் இல்லாததற்கு ஒரு சௌகரியம் உண்டு. ரயிலில் ஆப்பிள் நறுக்க நீங்கள் சாதாக் கத்தியை எடுத்தால் எதிர் சீட் மாமி ஒரு துண்டு வாங்கிக்கொள்வார். ரம்பம் வைத்த கத்தியை எடுத்தால் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

கடைசியாக, கத்தியைவிடப் பெரிய ஒரு விஷயம். நம்மைச் சுற்றியுள்ள பொருள்களில் எத்தனை 'இதைத் திறக்காதே, பழுது பார்க்காதே, போனால் புதுசு வாங்கு' என்று சொல்கின்றன? போனில் பேட்டரியைக் கழற்ற முடியவில்லை. எல்.இ.டி. பல்பைப் பிரிக்க முடியவில்லை. குடை ரிப்பேர்க்காரர், ஈயம் பூசுகிறவர், அம்மி கொத்துகிறவர் என்று ஒவ்வொருவராகத் தெருவை விட்டுப் போனார்கள். போனதெல்லாம் நாம் துரத்தித்தான் போகவில்லை. அவர்கள் கை வைக்க முடியாத பொருள்களாகப் பார்த்து வாங்கி வாங்கி அனுப்பினோம். அந்த வரிசையில் மிச்சம் இருப்பவர் சாணை பிடிக்கிறவர். 'சாணை வேண்டாத' ஒவ்வொரு கத்தியும் அவர் பிழைப்பில் விழுகிற வெட்டு.

ஆகவே கடையில் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது மழுங்கினால் யார் தீட்டுவார்?' பதில் 'நீங்களே தீட்டலாம்' என்றால் வாங்குங்கள். 'தெருவில் வருகிறவர் தீட்டுவார்' என்றாலும் வாங்குங்கள். 'தீட்டவே வேண்டாம் சார்' என்று சிரித்தால், கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். அங்கே பல்லிளிப்பது கத்தி மட்டுமில்லை.